லைற் எஞ்சின் போன அந்தி

போன மாதம் நம் ரயில் குழுவில் நடந்த கேள்விப் போட்டியில் நான் அசடு வழிந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். அதுவரை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தேன். ஒற்றைப் பாதையில் சாரதியிடம் கொடுக்கும் டப்லற் எதற்கு என்று கேட்டார்கள். அது அவர் கையில் இருக்கும்வரை அந்தப் பாதைத் துண்டுக்குள் வேறு ரயில் வர முடியாது என்று எழுதினேன். டெட் எஞ்சின் என்றால் என்ன என்று கேட்டார்கள். தானாக ஓட முடியாமல் இன்னொன்று இழுத்துப் போகும் எஞ்சின் என்று எழுதினேன். அடுத்து லைற் எஞ்சின். எனக்குத் தெரியாததா? போட்டி நடத்திய கொழும்புத் தம்பி கேள்வியை முடிக்கும் முன்பே தட்டி அனுப்பினேன்: "முன்விளக்கு எரிய வரும் எஞ்சின்."

சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. சரியான விடையைத் தம்பி போட்டதும் நான் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிணற்றடியில் போய் நின்றேன். அதன் பிறகு குழுவில் ஒரு சொல்லும் எழுதவில்லை. அக்கா கோபமா, அன்ரி கோபமா என்று கேட்டீர்கள். சிரித்ததற்கு நான் கோபிக்கிற ஆள் இல்லை. அந்தச் சொல்லின் பிழையான அர்த்தத்தை வைத்துக்கொண்டு எங்கள் வீடு ஐம்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்திருக்கிறது. சரியான அர்த்தம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அது எங்களுக்கு எப்படித் தெரியாமல் போனது என்பதை இப்போது எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் என் வயதுக்காரர்கள், பொறுமையாக வாசிப்பீர்கள்.

எங்கள் வளவு பேசாலைக்கும் தலைமன்னாருக்கும் நடுவில், தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. வேலிக்கு அங்கால் உடை முள்மரங்கள், அதற்கு அங்கால் ரயில் மேடு, அதற்கு அங்கால் மணல், பிறகு கடல். ரயிலை நாங்கள் கோச்சி என்போம். இந்தியாக் கப்பல் ஓடும் நாள்களில் இறங்குதுறைக்குப் போகும் நீளக் கோச்சி ஒன்று அந்தியில் எங்களைத் தாண்டும். கொழும்பில் ஏறியவர்கள் அந்த ஜன்னல்களில் தூங்கி வழிந்துகொண்டு போவார்கள். நாங்கள் வேலிக்குள் நின்று கை காட்டுவோம். பதிலுக்குக் கை காட்டியது யாரென்று நினைவில்லை, ஆனால் யாராவது ஒருவர் காட்டத்தான் செய்தார்கள்.

கப்பல் இல்லாத நாளில் அந்தக் கோச்சி இல்லை. இது ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. அப்படியான அந்திகளில் ரயில் மேடு எங்களுக்கு ஒழுங்கையாகிவிடும். மணலில் கால் புதையாமல் நடக்க வேறு வழி ஏது? மீன் கூடைக்காரர், சைக்கிள் உருட்டுபவர், கோயிலுக்குப் போகும் பெண்கள் எல்லோரும் தண்டவாளத்துக்குக் குறுக்கே கிடக்கும் சிலிப்பர் கட்டைகளில் கால் வைத்து வைத்துப் போவார்கள். எல்லோருக்கும் முன்னால் கழுதைகள். எங்கள் தீவுக் கழுதைகளுக்குச் சொந்தக்காரரும் கிடையாது, யாருக்கும் வழிவிடும் பழக்கமும் கிடையாது. தண்டவாளத்துக்கு நடுவில் நின்று உலகத்தை வெறுத்துக்கொண்டிருக்கும். கோச்சி வரப்போகிறது என்றால் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக மேட்டிலிருந்து கீழே இறங்கும். நமக்கு ஒன்றும் கேட்காது, அதுகளுக்குக் கேட்டுவிடும். நாங்கள் சின்னதுகள் தண்டவாளத்தில் காதை வைத்துக் கேட்போம். வெயிலில் காது பொரியும். உள்ளே, வெகு தொலைவில், யாரோ வாயை மூடிக்கொண்டு பாடுவதுபோல ஒரு சத்தம் வரும். அது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அதற்காகக் கேட்காமலும் இருந்ததில்லை.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. எங்களோடுதான் இருந்தார். அப்பாவின் வள்ளத்தில் தொழிலுக்குப் போவார். நீளமான ஆள், வாய் ஓயாத ஆள், என்னை "மருமேள்" என்று கூப்பிட்டு, நான் கேட்டதையெல்லாம் வாங்கித் தருவதாகச் சொல்லி எதையும் வாங்கித் தராத ஆள். அந்த வருடம் அவருக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். கத்தோலிக்கர் எங்களில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று அறிவிப்பது. மாமாவுக்கு இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாம் ஞாயிறு பங்குச் சுவாமியார் வாசிக்கவில்லை. பெண் வீட்டாருக்கு முருங்கன் பக்கத்தில் வயல் உள்ள மாப்பிள்ளை கிடைத்துவிட்டார்.

கோயிலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பி மாமாவைப் பார்த்தார்கள். மாமா வெளியே வந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, "மூண்டாம் ஓலைக்கு முதல் தப்பிட்டன் அக்கா, மாதா காப்பாத்திட்டா" என்றார். அம்மா சிரித்தார். ஊர் சிரிக்கவில்லை. பொடியன் உள்ளுக்குள் நொறுங்கிப் போனான், வெளியில் நடிக்கிறான் என்று ஊர் முடிவு கட்டியது. மனிதர் ஒருவர் சும்மா சிரித்தால் சும்மா சிரிக்கிறார் என்று எடுத்துக்கொள்ள எங்கள் ஊருக்கு ஒருபோதும் தெரிந்ததில்லை.

அடுத்த கிழமை சோளகம் பிடித்தது. தென்மேற்குக் காற்று எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் அந்த வருடக் காற்று பகல் முழுக்க ஓர் ஊளையாகவே இருந்தது. சோற்றில் மணல், பாயில் மணல், செபமாலையின் மணிகளுக்கு நடுவில் மணல். தண்டவாளத்தின் மேலேயே மணல் ஏறி, பாதைக் கூலிகள் சவளால் வாரிக்கொண்டிருந்தார்கள். வள்ளங்களைக் கரையில் கவிழ்த்துவிட்டார்கள். கப்பலும் நின்றது. இந்தியாவுக்குப் போகிறவர்களை ஏற்றி வந்த பெட்டிகள் வெறுமையாக இறங்குதுறையில் மாட்டிக்கொண்டு நின்றன. கப்பல் இல்லை என்றால் கோச்சியும் இல்லை. மேட்டில் கழுதைகளும் நாங்களும்தான்.

ஒரு பின்னேரம் காற்று ஜன்னலை அடித்ததில் எங்கள் மேசை லாம்பின் சிமினி உடைந்தது. சுடரைச் சுற்றி நிற்கும் அந்தக் கண்ணாடிக் குழல் இல்லாமல் அந்தக் காற்றில் லாம்பு எரியாது. வீட்டில் இருந்தது ஒரு குப்பி விளக்கு, அதுவும் கொளுத்தக் கொளுத்த அணைந்தது.

"பேசாலைக்குப் போய் ஒரு சிமினி வாங்கிக்கொண்டு வாறன் அக்கா" என்று மாமா சட்டையை மாட்டினார்.

"இருட்டப் போகுதடா. நாளைக்குப் போவம்."

"மருமேளுக்கு இருட்டெண்டால் பயம். இந்தா வந்திட்டன்."

மேட்டில் ஏறி, காற்றைத் தோளில் வாங்கிக்கொண்டு, கழுதைகளைத் தட்டி விலக்கிக்கொண்டு போனார். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

இப்போது சொல்லப்போவதை அம்மாவைத் தவிர யாரிடமும் நான் முழுதாகச் சொன்னதில்லை.

கோயிலில் ஆறு மணிச் செபத்துக்கு அடித்தது. வீட்டில் விளக்கில்லை. நான் வேலி மூலையில், ரயில் மேட்டுக்குக் கிட்ட, மாமாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வானம் இன்னும் முழுதாகக் கறுக்கவில்லை. மணல் காற்றில் ஆள் உயரத்துக்கு எழும்பி ஓடியது. மேட்டில் கழுதைகள் ஏழெட்டு நின்றன. திடீரென்று முன்னால் நின்ற கழுதை காதை மடித்துக்கொண்டு கீழே இறங்கியது. அதன் பின்னால் அடுத்தது. எல்லாம் இறங்கி, வேலியோரம் வந்து, என் பக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன.

அப்போதுதான் என் உள்ளங்காலில் அது ஏறியது. தண்டவாளத்தில் காது வைத்துக் கேட்கும் அதே பாட்டு, மணலுக்குள்ளால் வந்தது. காற்றின் ஊளையில் வேறு ஒரு சத்தமும் இல்லை. பேசாலைப் பக்கமிருந்து, இருட்டில் ஒரு துண்டு கழன்று வருவதுபோல, ஓர் எஞ்சின் வந்தது. முன்னால் விளக்கு இல்லை. பின்னால் பெட்டி இல்லை. கறுப்பாக, தனியாக, என்னைத் தாண்டிப் போனது. மேலே ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி மட்டும் தெரிந்தது. சாரதியின் வாயில் இருந்த சிகரெட் என்று இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு அது ஒரு கண். அது என்னைப் பார்த்தது என்றே நினைத்தேன், நினைத்துச் சட்டையோடு மூத்திரம் போய்விட்டேன்.

ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். "அம்மா, லைற் இல்லாமல் ஒரு எஞ்சின் போச்சுது."

"கோச்சி இல்லையே பிள்ளை இண்டைக்கு" என்றார் அம்மா.

மாமாவைக் கண்டெடுத்தவர் கேற்காரர். எங்களுக்குக் கிழக்கே ஒழுங்கை தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் படலையைச் சாத்தித் திறப்பது அவர் வேலை. தென்பகுதியிலிருந்து புதிதாக வந்த சிங்களவர். நல்ல மனிதர், தமிழ் மட்டும் கையளவு. எஞ்சின் போனபின் படலையைத் திறந்துவிட்டுக் கைவிளக்கோடு மேட்டால் வந்தவர், பாதை ஓரத்தில் மாமா கிடக்கக் கண்டிருக்கிறார். தன் சாரத்தைக் கழற்றி மாமாவை மூடிவிட்டு, அரைக் காற்சட்டையோடு எங்கள் முற்றத்தில் வந்து நின்று, சொல்லத் தமிழ் இல்லாமல் நெஞ்சில் அடித்துக்கொண்டார். மறுகையில் வைக்கோலும் பத்திரிகைத் தாளும் சுற்றிய ஒரு பொதி இருந்தது. அம்மா அதைப் பிரித்தார். சிமினி. ஒரு கீறல் இல்லை.

ரயில் கந்தோரில் என்ன எழுதினார்களோ எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு முக்கியமாக இருந்தது சேமக்காலை. தன் உயிரைத் தானே போக்கியவரை அந்த நாளில் சேமக்காலை மதிலுக்குள் அடக்கம் செய்ய விடமாட்டார்கள். மணி அடிக்க மாட்டார்கள், பூசை இல்லை. மதிலுக்கு வெளியே, உடை முள்ளுக்குள், நாயைப் புதைப்பதுபோலப் புதைக்க வேண்டும். மாமா தவறிச் செத்தாரா, தானாகச் செத்தாரா என்று சுவாமியார் முடிவு செய்ய வேண்டியிருந்தது. மறுநாள் காலை எங்கள் முற்றத்தில் கதிரை போட்டுச் சுவாமியார் இருந்தார். பக்கத்தில் கோயில் மூப்பர், ஊரின் சாமான் கணக்கு முதல் பாவக் கணக்கு வரை தன் கையில் வைத்திருந்தவர். எதிரே கேற்காரர்.

"எஞ்சின் லைற்றோட வந்ததோ?" என்று மூப்பர் கேட்டார்.

"ஓம் சுவாமி. லைற் எஞ்சின். லைற் எஞ்சின்தான். போனில சொன்னது" என்றார் கேற்காரர். மூன்று முறை தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூப்பர் சுவாமியார் பக்கம் திரும்பினார். "பாருங்கோ சுவாமி. பின்னால லைற் போட்டுக்கொண்டு எஞ்சின் வந்தால் முன்னால தன்ர நிழல் விழும். காத்தில சத்தம் கேக்கேல்லை எண்டே வைப்பம். நிழலைக் காணாமல் விடுவானோ? கண்டும் நிண்டிருக்கிறான்."

"சாகப் போறவன் சிமினி வாங்கிக்கொண்டு வருவானோ சுவாமி?" என்றார் அம்மா. கத்தவில்லை. சிமினியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"வரேக்க மனம் மாறியிருக்கும். ஓலை நிண்டது சின்ன விசயமோ?"

நான் அம்மாவின் சேலைக்குள் நின்று சொன்னேன். "லைற் இல்லை. நான் கண்டனான். இருட்டா வந்தது."

மூப்பர் என்னைப் பார்த்துச் சிரித்தார். இரக்கமான சிரிப்புத்தான். "பிள்ளை பயந்திட்டுது. றெயில்வேக்காரனே லைற் எண்டு சொல்லுறான், பிள்ளை எதைக் கண்டுதோ. வேப்பிலை அடியுங்கோ" என்றார்.

சுவாமியார் நல்லவர், ஆனால் மூப்பரை மீறிப் பழக்கமில்லாதவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார். பிறகு மதிலுக்கு வெளியே என்றார்.

மணி அடிக்காத சாவு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாமலே இருக்கட்டும். அப்பாவும் இன்னும் இரண்டு வள்ளத் தொழிலாளிகளும் காற்றில் குழி தோண்டினார்கள். வாரிய மணல் திரும்பக் குழிக்குள்ளேயே விழுந்துகொண்டிருந்தது. கேற்காரரும் வந்து சவள் பிடித்தார். தன்னுடைய சொல்தான் இந்தப் பிணத்தை மதிலுக்கு வெளியே தள்ளியது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. சோளகம் ஓயுமுன் அவருக்கு மாற்றல் வந்து போய்விட்டார்.

அன்று அந்தியிலிருந்து அம்மா அந்தச் சிமினியை லாம்பில் போட்டு, ரயில் மேட்டைப் பார்த்த ஜன்னலில் வைத்தார். காற்று எப்படி அடித்தாலும் சுடர் ஆடாமல் நின்றது. ஏன் அம்மா இதை இங்கே வைக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "ஒருத்தரும் இருட்டில வரக்கூடாது" என்றார். கோச்சி வரும் நாள்களில் அது போய் முடியும்வரை அம்மா சாப்பிட மாட்டார், யாரோடும் கதைக்க மாட்டார்.

ஊருக்கு அதற்குள் பேய் பிறந்துவிட்டது. அதன் பெயரே லைற் எஞ்சின். அந்தியில் தண்டவாளத்தின் மேல் தனியாக ஒரு வெளிச்சம் ஓடுகிறது என்றார்கள். எத்தனையோ பேர் கண்டார்கள். கருவாடு காயப்போட்ட பெண்கள் கண்டார்கள், கள்ளுத் தவறணையிலிருந்து வந்தவர்கள் தவறாமல் கண்டார்கள். அதில் பாதி எங்கள் ஜன்னல் லாம்பு என்று நான் அடித்துச் சொல்வேன். மிச்சப் பாதி என்ன என்று எனக்குத் தெரியாது. ஆறு மணிச் செபத்துக்குப் பிறகு யாரும் மேட்டில் ஏறுவதில்லை. சின்னதுகளை மிரட்ட, "லைற் எஞ்சின் வரும்" என்றால் போதும்.

என்னுடைய பயம் வேறு. ஊருக்கு ஓர் எஞ்சின். எனக்கு இரண்டு. விளக்கோடு வந்து மாமாவைக் கொன்றது ஒன்று. விளக்கில்லாமல், எனக்கும் கழுதைகளுக்கும் மட்டும் தெரியும்படி வந்தது இன்னொன்று. முதலாவது இறங்குதுறையில் போய் நின்றிருக்கும். இரண்டாவது எங்கே போய் நின்றது? அதற்கு அப்பால் கடல்தான். நான் கண்டதை நானே எத்தனையோ தடவை இல்லையென்று சாதித்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில், கலியாண வீட்டில், பிள்ளைப் பேற்று வலியில்கூட அது திடீரென்று நினைவில் வரும். அந்தச் சிவப்புப் புள்ளி. அது என்னை ஏன் பார்த்தது, என்னை ஏன் விட்டுவிட்டு மாமாவிடம் போனது என்று யோசிப்பேன். ரயில் என்றால் எனக்கு ஏன் இத்தனை பைத்தியம், ஒவ்வொரு எஞ்சினின் பெயரும் எண்ணும் ஏன் மனப்பாடம் என்று குழுவில் கேட்பீர்கள் அல்லவா? அந்த இரண்டாவது எஞ்சின் எது என்று தேடிக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான்.

பிறகு சண்டை வந்தது. கோச்சி நின்றது. நாங்கள் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போனோம். அம்மா சிமினியைச் சேலையில் சுற்றி மடியில் வைத்திருந்தார். வள்ளக்காரர் எங்களைக் கடல் நடுவில் ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போனார். அங்கிருந்து வேறு படகில் ஏற்றும் அவசரத்தில் சிமினி திட்டிலேயே தவறிவிட்டது. படகு விலகியபிறகுதான் அம்மா கண்டார். ஈர மணலில் அது நிமிர்ந்து நின்றது, பின்னால் வெறும் கடல். அம்மா அழுததை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். மாமாவின் சாவுக்கு அழாதவர்.

மண்டபம் அகதி முகாமிலிருந்து கொஞ்சம் தள்ளி ராமேஸ்வரம் ரயில் போகும். அங்கேயும் அந்தியில் அம்மா ஒரு விளக்கை வாசலில் வைத்துவிட்டு ரயில் போகும்வரை சாப்பிடாமல் இருந்தார். பக்கத்துக் குடிசைக்காரர்கள் நேர்த்திக்கடன் என்று நினைத்தார்கள்.

ஊர் திரும்பியபோது தண்டவாளமே இல்லை. சிலிப்பர் கட்டைகளும் இரும்பும் பங்கர் கட்டப் போய்விட்டன. மேடு மட்டும் வெறுமையாகக் கிடந்தது. சேமக்காலை மதிலும் விழுந்திருந்தது. புதிதாகக் கட்டும்போது உடை மரங்களை வெட்டி, மதிலைத் தள்ளிக் கட்டினார்கள். ஒருவரும் முடிவு செய்யாமலே மாமா மதிலுக்குள் வந்துவிட்டார். "அவன் போகேல்லை. மதில்தான் அவனிட்ட வந்தது" என்றார் அம்மா. அவருக்கு அதில் பெரிய சந்தோசம் இருந்ததாகத் தெரியவில்லை. மூப்பரும் அந்த மதிலுக்குள்தான், நாலு குழி தள்ளிக் கிடக்கிறார்.

ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன், நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு. தண்டவாளம் இல்லாத அந்த வருடங்களில், அந்தி நேரத்தில், மேட்டில் நின்ற கழுதைகள் காதை மடித்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். வேலியோரம் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும். கொஞ்ச நேரத்தில் திரும்ப ஏறும். வாடைக் காலத்தில் இல்லை. சோளகத்தில் மட்டும்.

பிறகு புதுத் தண்டவாளம் போட்டார்கள். முதல் கோச்சி வந்த அன்று ஊரே திரண்டு நின்றது. அம்மாவுக்கு அதற்குள் கண்ணில் பூ விழுந்து, வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் பிரித்துத் தெரியும். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார், "லைற்றோட வருதோ?"

"ஓம் அம்மா. லைற்றோட வருது."

அன்றிலிருந்து ஒவ்வொரு அந்தியும் அதே கேள்வி, அதே பதில். ஜன்னலில் இப்போது கரண்ட் லைற், மின்குமிழ். கோச்சி தாண்டும்வரை அது எரிய வேண்டும். சாப்பாடு அதன் பிறகுதான். கிழவியின் பிடிவாதம் என்று நானும் அலுத்துக்கொண்டிருந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் நம் குழுவில் அந்தக் கேள்வி வந்தது. தம்பி போட்ட விடை இது: லைற் எஞ்சின் என்றால் பெட்டி எதையும் கொழுவாமல் தனியே ஓடும் எஞ்சின். லைற் என்றால் இங்கே பாரமில்லாதது. வெளிச்சத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

பாரமில்லாதது. கிணற்றடியில் நின்று அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். கப்பல் நின்றதால் இறங்குதுறையில் மாட்டிக்கொண்ட பெட்டிகளை இழுத்துவர, வெறும் எஞ்சின் ஒன்றை அனுப்பியிருக்கிறார்கள். லைற் எஞ்சின் வருகிறது, படலையைச் சாத்து என்று கேற்காரருக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்கள். லைற்றோடு வந்ததோ என்று மூப்பர் கேட்டது விளக்கை. ஓம், லைற் எஞ்சின்தான் என்று அவர் சொன்னது எஞ்சினின் வகையை. போனில் சொன்னது என்று அந்த மனிதர் வாயாலேயே சொன்னார். முன்விளக்கு எரிகிறதா இல்லையா என்று யாராவது போனில் சொல்வார்களா? அந்த முற்றத்தில் நின்ற ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. ஐம்பது வருடமாக எனக்கும் உறைக்கவில்லை.

அன்று இரண்டு எஞ்சின் போகவில்லை. ஒன்றுதான் போனது. நான் கண்டதுதான் அது, முன்விளக்கு பழுதோ மறதியோ, இருட்டாகவே வந்தது. என்னைத் தாண்டும்போது அது மாமாவை ஏற்கெனவே தாண்டியிருந்தது.

இரண்டு நாள் அம்மாவிடம் சொல்லவில்லை. தொண்ணூறு தாண்டியவரிடம் இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அந்தியில் அவர் ஜன்னலருகே கதிரையில் இருந்தார். லைற்றைப் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

"அம்மா, லைற் எஞ்சின் எண்டால் லைற் போட்ட எஞ்சின் இல்லையாம்."

"பின்ன?"

"பெட்டி இல்லாமல் தனிய ஓடுற எஞ்சினாம். பாரமில்லாத எஞ்சின். இங்கிலீசில ரெண்டுக்கும் ஒரே சொல்லு. கேற்காரர் அதைத்தான் சொன்னவர். விளக்கைச் சொல்லேல்லை."

அம்மாவின் விரல்கள் செபமாலையில் நின்றுவிட்டன. பிறகு கேட்டார், "அப்ப நீ கண்டது?"

"அதுதான் அம்மா. வேற ஒண்டும் போகேல்லை. லைற் இல்லாமல்தான் வந்தது. பின்னால வந்தது, காத்து முன்னால. மாமாவுக்கு ஒண்டும் கேட்டிருக்காது."

மூப்பரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவன் தானாகச் சாகவில்லை, நான் சொன்னேனே என்று அழுவார் என்று எதிர்பார்த்தேன். அம்மா முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"முன்னால நிழல் விழுந்திருக்காது, என்ன?"

"இல்லை அம்மா."

"அப்ப அவன் பயந்திருக்க மாட்டான்."

மாமா தானாகச் செத்தார் என்று அம்மா ஒருநாளும் நம்பவில்லை. ஆனால் லைற் வந்தது என்பதை நம்பியிருக்கிறார். தன் தம்பிக்கு முன்னால் நிழல் நீளமாக விழுந்ததை, அவன் திரும்பிப் பார்த்ததை, கால் சிலிப்பருக்குள் சிக்கி, கையில் சிமினிப் பொதியோடு, கண் கூச நின்றதை ஒவ்வொரு அந்தியும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எங்கள் ஜன்னல் லைற்றுக்கு அடியில், சாப்பிடாமல், ஐம்பது வருடமாக.

"பயந்திருக்க மாட்டார் அம்மா" என்றேன். "கதைச்சுக்கொண்டு வந்திருப்பார்."

"பாடிக்கொண்டு" என்றார் அம்மா. "தனிய வந்தால் பாடிக்கொண்டுதான் வருவான்."

வெளியே மேட்டில் நின்ற கழுதைகள் இறங்கத் தொடங்கின. தரை மெல்ல அதிர்ந்தது. அம்மாவுக்கும் அது தெரிந்திருக்கும், கால்கள் தரையில்தான் இருந்தன. வழக்கமான கேள்விக்காக நான் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

"லைற்றை நூத்து விடு, பிள்ளை" என்றார். "கண் கூசுது."

நான் எழுந்து அணைத்தேன். கோச்சி போய் முடியும்வரை இரண்டு பேரும் இருட்டில் இருந்தோம். பிறகு அம்மா பசிக்குது என்றார்.